யார் முன்னால் போவது?

மூன்று ராக் இசைக்குழுக்கள், இரண்டு பறைக்குழுக்கள், ஐந்து ஊர்கள், ஒன்பது நாட்கள். இப்படியொரு சுற்றுப்பயண விழாவுக்குத் திட்டம் போடும் வேலை எனக்கும் இன்னும் ஆறு தோழர்களுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. நாலு மாதமாக இதே வேலை. மேடையில் என்ன பாடுவது என்பதைப் பற்றி இந்த நாலு மாதத்தில் நாங்கள் அதிகம் பேசவில்லை. பாட்டுகள் தயாராக இருக்கின்றன. சாதியை ஒழிப்போம் என்பது எல்லாப் பாட்டிலும் வந்துவிடுகிறது. பேச்செல்லாம் வேறு விஷயங்களைப் பற்றித்தான்: யாருக்கு எத்தனை நிமிஷம், யாருக்கு எத்தனை மைக், யார் எங்கே படுப்பது, யார் யாரோடு சாப்பிடுவது, கூலி எப்போது கைக்கு வரும். பாட்டில் ஒழிந்துபோன சாதி இந்தப் பட்டியலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதைத் தோழர்களோடு பேச வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பையன்கள் தங்கள் இசையை ‘ப்ராக்ரஸிவ் ராக்’ என்கிறார்கள். 1960களின் கடைசியில் இங்கிலாந்தில் கிளம்பிய வகை. 1969இல் வந்த கிங் கிரிம்ஸன் குழுவின் முதல் இசைத்தட்டிலிருந்து இதற்குக் கணக்குச் சொல்பவர்கள் உண்டு. மூணு நிமிஷப் பாட்டு போதாது என்று, தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டாக வாசித்தார்கள். 1972இல் ஜெத்ரோ டல் குழு இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே பாட்டாகப் போட்டது, நாற்பது நிமிஷத்துக்கு மேல். தாளமும் நாலு எண்ணிக்கையோடு நிற்காது. ஐந்து, ஏழு என்று உடைந்து உடைந்து போகும். கேட்கிறவன் காலைத் தட்டிக்கொண்டிருந்தால் நடுவில் இடறுவான்.

நோட்டீஸ் எழுதிய தோழர் இதை ‘முற்போக்கு ராக் இசை விழா’ என்று தமிழாக்கிவிட்டார். அந்த நோட்டீஸை ஊருக்கு எடுத்துப்போய் எங்கள் பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். எங்கள் காலனியில் பறை அடிக்கத் தெரிந்தவர்களில் மிஞ்சியிருப்பது நாலே பேர். பெரியப்பாதான் மூத்தவர். முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“முற்போக்குன்னா முன்னால போறதுதான? யார்றா முன்னால போறது, யாரு பின்னால வர்றது? சாவுன்னா நாங்கதான் முன்னால போவோம். பொணத்துக்கும் முன்னால போவோம். சோத்துக்கு மட்டும் கடைசி.”

எங்கள் குழுவில் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை. நோட்டீஸில் குழுக்களின் பெயர்கள் வரிசையாக அச்சாகியிருந்தன. ராக் குழுக்கள் மூன்றும் பெரிய எழுத்தில். பறைக்குழுக்கள் இரண்டும் கீழே, ‘மற்றும்’ என்ற சொல்லுக்கு அப்புறம்.

பெரியப்பா பறையை இறக்கி வைத்துப் பல வருஷமாகிறது. ஊர்த்தெருவில் ஒரு சாவு. மோளத்துக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. காலனி கூடிப் பேசி, இனிமேல் ஊருக்குச் சாவு மோளம் அடிப்பதில்லை என்று முடிவெடுத்திருந்த நேரம் அது. தமிழ்நாட்டில் எத்தனையோ சேரிகளில் இதே முடிவை எடுத்து, அதற்காக அடியும் உதையும் வாங்கியிருக்கிறார்கள். எங்களுக்கு அடி விழவில்லை. வேலை நின்றது. கடையில் சாமான் தரவில்லை. வரப்பில் நடக்கக்கூடாது என்றார்கள். அந்த அறுப்புக் காலத்தை எங்கள் சனங்கள் கிழங்கு அவித்துத் தின்று கழித்தார்கள். பெரியப்பா பறையைப் பரண்மேல் போட்டார். “இது இருக்கறவரைக்கும் கூப்புட்டுக்கினுதான் இருப்பான்” என்று சொல்லிவிட்டுப் போட்டதாகப் பெரியம்மா சொல்லும்.

அதே பறையை இன்றைக்குக் கல்லூரிப் பிள்ளைகள் விடுதலைக் கருவி என்று தோளில் மாட்டிக்கொண்டு வருகிறார்கள். இரண்டும் நியாயம்தான். அடிக்கமாட்டேன் என்று சொன்னதும் கலகம், அடிப்பேன் என்று எடுத்ததும் கலகம். ஆனால் முதல் கலகத்துக்குப் பட்டினி கிடந்தவர்களை ரெண்டாவது கலகத்துக்குக் கூப்பிடும்போது எந்த மரியாதையோடு கூப்பிடுகிறோம்? விழாத் திட்டம் என்பது எனக்கு இந்த ஒரு கேள்வியாகச் சுருங்கிவிட்டது.

*

முதல் சண்டை நேரக் கணக்கில் வந்தது.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது. சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்கினால் கையில் இருப்பது நாலு மணி நேரம், 240 நிமிஷம். ஒரு குழு இறங்கி அடுத்த குழு ஏறக் கால்மணி நேரம் வேண்டும். டிரம் செட்டை மாற்ற வேண்டும், கீபோர்டுக்கு வயர் கொடுக்க வேண்டும், கிட்டாருக்குச் சுருதி பார்க்க வேண்டும். நாலு தடவை மாற்றினால் 60 நிமிஷம் போய்விடும். மீதி 180. அஞ்சு குழுவுக்கும் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 36 நிமிஷம். ஜெத்ரோ டல்லே நேரில் வந்தாலும் அந்த ஒரு பாட்டை முடிக்காமல் இறங்க வேண்டியதுதான்.

ஒலி அமைப்பாளர் ஒரு வழி சொன்னார். “பறைக்கு ஒயரே தேவையில்ல தோழர். பேண்டு மாத்துற கேப்புல கீழ நின்னு அடிக்கட்டும். சனமும் கலையாது, நமக்கு நேரமும் மிச்சம். மூணு பேண்டுக்கும் ஆளுக்கு ஒரு மணி நேரம் தாராளமாக் கொடுக்கலாம்.”

கிட்டார் வாசிக்கிற தம்பியும் தலையாட்டினான். “ஆமாண்ணா, கலர்ஃபுல்லா இருக்கும்.”

அவர்கள் இருவருமே கெட்டவர்களில்லை. அந்தத் தம்பி நம் பிள்ளைதான். மூன்று ராக் குழுக்களில் இரண்டில் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவன் கிட்டார் பழகியது தேவாலயப் பாடகர் குழுவில். அந்தக் கிட்டார் வாங்க அவன் அம்மா சீட்டுப் போட்டதும் எனக்குத் தெரியும். சாதி பார்த்து யாரும் பேசவில்லை. நேரம் பார்த்துத்தான் பேசினார்கள். கணக்கும் சரியாகவே இருந்தது. பறைக்கு மின்சாரம் வேண்டாம், மேடை வேண்டாம், கால்மணி நேரத் தயாரிப்பும் வேண்டாம். தேவை குறைந்தவனை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஊரில் நம்மைக் கடைசியில் உட்கார வைத்ததற்கும் இப்படி ஏதோ ஒரு வசதிக் கணக்கைத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்கள்?

மூன்று மணி நேரம் பேசினோம். கடைசியில் அஞ்சு குழுவுக்கும் 36 நிமிஷம் என்று எழுதினோம். மேடை மாற்றுகிற கால்மணி நேரத்தில் பாட்டே கிடையாது. அந்த நேரத்தில் ஒருத்தர் எழுந்து தன் ஊர்க்கதையைச் சொல்வார், புத்தகக்கடைப் பக்கம் போகிறவர்கள் போகட்டும். வரிசை ஊருக்கு ஊர் சுற்றும். முதல் ஊரில் கடைசியாக வாசித்த குழு அடுத்த ஊரில் முதலில் ஏறும். நோட்டீஸில் எல்லாப் பெயரும் ஒரே அளவு எழுத்தில், அகரவரிசையில். ‘மற்றும்’ எடுக்கப்பட்டது. பழைய நோட்டீஸ் ஆயிரம் கிடக்கிறது, பின்பக்கத்தில் கணக்கு எழுதுகிறோம்.

*

கடைசியாக வாசிப்பவர்தான் பெரியவர் என்பது ராக் உலகத்துச் சம்பிரதாயம். 2008இல் அமெரிக்காவில் ட்ரீம் தியேட்டர் குழுவின் மைக் போர்ட்னாய் ‘ப்ராக்ரஸிவ் நேஷன்’ என்று ஒரு சுற்றுப்பயண விழாவைத் திட்டமிட்டார். நாலு குழுக்கள், ஒரே டிக்கெட். பெரிய குழுவைப் பார்க்க வருகிற கூட்டம் சின்னக் குழுக்களையும் கேட்கும் என்பது நல்ல யோசனைதான். அதிலும் கடைசி இடம் பெரிய குழுவுக்கே.

எங்களுக்கு அதைவிட உதவியது இன்னொரு பயணம். 1976 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் எரிக் கிளாப்டன் மேடையிலேயே குடித்துவிட்டு, வந்தேறிகள் வெளியேற வேண்டும் என்று இனவெறி கக்கினார். கறுப்பர்களின் ப்ளூஸ் இசையை வாசித்துப் பேரெடுத்த மனுஷன். அதற்கு எதிர்ப்புத் தெரிவித்து ரெட் சாண்டர்ஸும் அவர் தோழர்களும் பத்திரிகைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதத்திலிருந்து பிறந்ததுதான் ‘ராக் அகெய்ன்ஸ்ட் ரேஸிஸம்’ இயக்கம். 1978 ஏப்ரல் 30 அன்று லண்டன் ட்ரஃபால்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பூங்கா வரை பெரும் ஊர்வலம் போய் இசைவிழா நடத்தினார்கள். 1979 வசந்தத்தில் சுமார் நாற்பது குழுக்களோடு நாடெங்கும் ஒரு சுற்றுப்பயணம். கறுப்பர் குழுவும் வெள்ளையர் குழுவும் ஒரே மேடையில் ஏறுவது, கடைசியில் எல்லாரும் சேர்ந்து வாசிப்பது என்பதை வழக்கமாகவே வைத்திருந்தார்கள். லண்டன் அலெக்ஸாண்ட்ரா அரண்மனையில் பயணம் முடிந்தது.

அதே ஏப்ரல் 23இல், லண்டனில் ஆசிய மக்கள் வாழும் சௌத்ஹால் பகுதியில் நாஜிக் கட்சிக் கூட்டத்தை எதிர்த்துத் திரண்டவர்களைப் போலீஸ் அடித்தது. ஆசிரியர் பிளேர் பீச் செத்துப்போனார். அந்த மேடைகளில் பலமுறை வாசித்த மிஸ்டி இன் ரூட்ஸ் குழுவின் மேலாளர் கிளாரன்ஸ் பேக்கர் மண்டை உடைந்து நினைவிழந்து கிடந்தார். மேடையில் சமமாக நின்றதால் தெருவில் அடி நிற்கவில்லை. ஆனால் அடிபட்டவர் யார் என்று கேட்க ஒரு கூட்டம் ஏற்கெனவே சேர்ந்திருந்தது. ஒரு இசைப்பயணத்தால் முடிந்தது இவ்வளவுதான். இதுவும் சின்ன விஷயமில்லை.

நம் பக்கமும் முன்னோடிகள் இல்லாமலில்லை. மதுரை தலித் ஆதார மையம் 1990களில் நடத்திய தலித் கலைவிழாக்களை மூத்த தோழர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல்முதலாக மேடையேறியபோது கானாவும் ராப்பும் ராக்கும் பறையும் ஒரே குழுவாக நின்றன. 2021இல் ‘மார்கழியில் மக்களிசை’ சென்னையை விட்டு மதுரைக்கும் கோவைக்கும் போனது. நாங்கள் போட்டிருப்பது அந்தப் பாதையில் ஒரு சின்ன வண்டித்தடம்.

*

பெரியப்பா வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நிபந்தனை சொன்னார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

“கூலிய மேடைக்கு ஏறதுக்கு முன்னாடியே கையில குடுத்துடணும். அடிச்சி முடிச்சிட்டு எவன்கிட்டயும் போயி கைகட்டி நிக்க மாட்டேன். சாராயம் வாங்கித் தரேன்னு எவனும் சொல்லக்கூடாது. உக்கார நாற்காலி போடணும். எம் பேரைச் சொல்லிக் கூப்புடணும், ‘பறை கோஷ்டி வாங்க’ன்னு கூப்புட்டா வரமாட்டேன். அப்பறம் நெருப்பு வேணும்.”

கடைசி நிபந்தனையில்தான் அரங்கங்கள் இடித்தன. பறையின் தோலைக் காய்ச்சாமல் அடிக்க முடியாது. வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்தி, அனலில் காட்டிச் சூடேற்றினால்தான் தோல் இறுகிக் கணீர் என்று பேசும். ஈரக்காற்று பட்டால் மறுபடி தொய்ந்துவிடும், மறுபடி காய்ச்ச வேண்டும். நாலு வகைக் கிட்டாருக்கும் வசதி செய்து தருகிற ஒரு ஊர் அரங்கத்தில் நெருப்பு என்றதும் முடியாது என்றார்கள். “இப்பல்லாம் ஃபைபர் பறை வந்திருக்கே, அதக் கொண்டாரச் சொல்லுங்க” என்று மேலாளர் யோசனை சொன்னார். விபத்துக்குப் பயப்படுவது நியாயம்தான், ஆனால் அவர் காட்டிய வழி வாசிப்பவனை அவன் கருவியைவிட்டு இறக்கிவிடும். நாங்கள் அந்த அரங்கத்தை விட்டோம். இப்போது அஞ்சு இடமும் திறந்தவெளி. மேடையை ஒட்டி ஒரு மண்தரை, பக்கத்தில் மணல் வாளியும் தண்ணீரும், ஒரு தோழருக்கு அதுவே வேலை.

மேடையின் அமைப்பும் மாறியது. ராக் குழுவின் டிரம் பையன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தேன். தன்னுடைய ஏழு எண்ணிக்கைத் தாளத்தைத் திண்ணையில் தட்டிக் காட்டினான். பெரியப்பா கவனமாகக் கேட்டார். நல்லாயிருக்குது என்றார். அப்புறம் சொன்னார்: “நீ உக்காந்து எண்ணி அடிக்கிற. நாங்க நடந்து அடிக்கிறவங்க. கால் போறதப் பாத்துத்தான் கை போவும். எங்களுக்கு எடம் வேணும் தம்பி.” சின்னப் பசங்களோடு ஆறு பேர் வட்டமாக ஆடி அடிக்க எவ்வளவு இடம் வேண்டும் என்று வாசலில் காலால் அளந்து காட்டினார். மேடை முழுக்க டிரம் செட்டும் ஸ்பீக்கர் பெட்டியும் அடைத்துக்கொண்டிருந்த எங்கள் வரைபடத்தில் அந்த இடம் இல்லவே இல்லை. இப்போது கருவிகளெல்லாம் பின்சுவரோடு ஒதுங்குகின்றன. முன்னால் தரை காலி. மைக்கும் அப்படித்தான். பறைக்கு ஒரே மைக் போதும் என்றிருந்ததை நாலாக மாற்றினோம். அடிக்குச்சியின் கனத்த ஓசை ஒன்று, சிண்டுக்குச்சியின் சன்னமான ஓசை ஒன்று. எட்டத்தில் ஒரே மைக்கை வைத்தால் ரெண்டும் கலந்து இரைச்சலாகத்தான் கேட்கும். பிறகு அதையே காட்டிப் பறை வெறும் சத்தம் என்பார்கள்.

இன்னொரு பறைக்குழு பெண்களுடையது. திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழு பல வருஷமாகப் பெண்களைப் பறையோடு ஊர் ஊராக மேடையேற்றி வருகிறது. அதற்கப்புறம் பல ஊர்களில் பெண்கள் குழுக்கள் வந்திருக்கின்றன. எங்களோடு வருகிற குழுவின் அக்கா கேட்டது ரெண்டே விஷயம். தாழ்ப்பாள் உள்ள கக்கூஸ், ராத்திரி வண்டியில் தூங்க வேண்டாம். ஏழு பேர் கொண்ட திட்டக்குழுவில் ஆண்கள் ஆறு பேர். அக்கா கேட்கும்வரை பட்டியலில் அது இல்லை. ஒன்பது நாள் ஆனது அதனால்தான், முதலில் ஏழு நாள் என்றிருந்தோம்.

சாப்பாட்டுக்கு ஒரே உலை. இந்தச் சொல் தியோபிலஸ் அப்பாவு அய்யாவிடமிருந்து எடுத்தது. மதுரை இறையியல் கல்லூரியில் பாடம் சொல்லி, நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டுப் பாட்டுகள் கட்டியவர். 2005இல் மறைந்தார். தனித்தனி அடுப்பில் சமைத்துக்கொண்டு சமத்துவம் பேச முடியாது, எல்லாரும் ஒரே உலையில் பொங்கித் தின்ன வேண்டும் என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். ராக் குழுக்களுக்கு ஓட்டல், பறைக்குழுக்களுக்குப் பொட்டலம் என்றுதான் வழக்கமாக நடக்கிறது. எங்கள் வண்டியில் அண்டாவும் வருகிறது. மாட்டுக்கறி உண்டு. தின்னாதவருக்குச் சாம்பார் உண்டு. பந்தி ஒன்றுதான்.

*

பணம் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 1977இல் எமர்ஸன், லேக் அண்டு பாமர் என்ற புகழ்பெற்ற ப்ராக்ரஸிவ் குழு எழுபது பேர் வரை கொண்ட இசைக்குழுவோடு வட அமெரிக்கப் பயணம் கிளம்பியது. செலவு கட்டவில்லை. சில வாரங்களில் அத்தனை பேரையும் திருப்பி அனுப்பிவிட்டு மூவர் மட்டும் பயணத்தைத் தொடர்ந்தார்கள். சில பெரிய இடங்களுக்கு மட்டும் இசைக்குழுவை மறுபடி அழைத்தார்கள். அவர்கள் கைக்காசும் அதில் போனது உண்மை. ஆனாலும் திட்டம் போடுகிறவர்கள் இதைப் பார்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: காசு குறைந்தால் முதலில் யார் வீட்டுக்குப் போவது?

நாங்கள் இதை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டோம். வாசிக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரே கூலி. கிட்டாருக்கும் பறைக்கும் வித்தியாசமில்லை. வசூல் குறைந்தால் முதலில் விளக்கு குறையும், அப்புறம் புகை போடும் எந்திரம் போகும், அப்புறம் ஒரு ஊர் குறையும். ஆள் குறையாது. இதை ஒப்புக்கொள்ளாமல் ஒரு ராக் குழு விலகிக்கொண்டது. தங்கள் கருவிகளுக்கே லட்சக்கணக்கில் செலவாகியிருக்கிறது, ஒரே கூலி நியாயமில்லை என்றார்கள். கருவிக்கு வாடகை தனியாகத் தருகிறோம், ஆளுக்குக் கூலி ஒன்றுதான் என்றோம். போய்விட்டார்கள். வேறொரு குழு வந்தது. அதற்கு அவ்வளவு பேர் இல்லை, நேரத்துக்கு வருகிறார்கள்.

மிச்சமிருப்பது அஞ்சாவது ஊர். அது எங்கள் காலனி. காலனி மைதானத்திலேயே விழாவை முடிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டு, காவல்நிலையத்தில் மனு கொடுத்தோம். 30(2) அமலில் இருக்கிறது, பார்க்கலாம் என்றார்கள். ரெண்டாம் தடவை போனபோது அதிகாரி நல்லவிதமாகவே பேசினார். “ஊர்ல இருக்கிற பள்ளிக்கூட மைதானத்துல வச்சா எல்லாரும் வருவாங்க. காலனியில வச்சா ஒங்க ஆளுங்க மட்டும்தான் வருவாங்க. எதுக்குப் பிரச்சினை?”

எங்கள் சனங்கள் காலங்காலமாக ஊருக்குள் போய்த்தான் மோளம் அடித்திருக்கிறார்கள். கூப்பிட்டால் போக வேண்டும், வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும், முடிந்ததும் திரும்பிவிட வேண்டும். ஊர்க்காரர்கள் ஒரு இசையைக் கேட்க ஓடையைத் தாண்டிக் காலனிக்கு வந்ததாக ஒருத்தருக்கும் நினைவில்லை. வரட்டும். நாற்காலி போடுகிறோம். வராவிட்டாலும் அந்த நாலு ஸ்பீக்கர் பெட்டியின் சத்தம் ஓடையைத் தாண்டிப் போகும்.

மூன்றாவது மனுவும் கொடுத்தாயிற்று. கிடைக்காவிட்டால் நீதிமன்றம் போக வக்கீல் தோழர் ஒருவர் காகிதம் தயார் செய்துகொண்டிருக்கிறார். ஜெனரேட்டருக்கு முன்பணம் கட்டிவிட்டோம். பெரியப்பா பரணிலிருந்து இறக்கித் தந்த பறையின் தோலை எலி தின்றிருந்தது. வேப்பமரச் சட்டம் மட்டும் திடமாக இருக்கிறது. புதுத் தோல் கட்டக் கொடுத்திருக்கிறோம். வருவாரா என்று இன்னும் அவர் சொல்லவில்லை. அவருடைய 36 நிமிஷத்தைப் பட்டியலில் அப்படியே வைத்திருக்கிறோம். அதை வேறு யாருக்கும் கொடுப்பதாக இல்லை.